நான்கு மணி நேரத்திற்கு ஒரு மோசமான தொடர்

டயாலிசிஸ் பிரிவில் எட்டு நாற்காலிகள் இருந்தன. காலை ஏழு மணிக்கு நோயாளிகள் அவற்றில் சாய்வார்கள். பதினொரு மணிக்கு எழுவார்கள். வாரத்திற்கு மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். இரண்டு ஊசிகள் ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. மற்றொரு கையால் எதைச் செய்ய முடியுமோ, அதைக் கொண்டுதான் பொழுதைக் கழிக்க வேண்டும். அந்தக் கையில் பெரும்பாலும் கைப்பேசி இருக்கும். கைப்பேசியில் ஏதேனும் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருக்கும்.

இயந்திரங்களைக் கவனித்துக்கொண்ட பெண்ணுக்கு வயது நாற்பத்து நான்கு. பன்னிரண்டு ஆண்டுகளாக அதே வேலை. ஆறு மணிக்கே வந்து, குழாய்களைப் பொருத்தி, உப்புநீரைச் செலுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். ஒவ்வொருவரையும் எடை மேடையில் ஏற்றி, உடலில் எவ்வளவு நீர் தேங்கியிருக்கிறது என்று கணக்கிட்டு, அதை இயந்திரத்தில் பதிவு செய்வாள். இவ்வளவு திறமையாக வேலை செய்தும், அவளுக்குக் கிடைத்த பட்டப்பெயர் ‘ரிமோட்’. எதைப் பார்ப்பது என்று அவளைக் கேட்காமல் அந்த அறையில் ஒருவரும் திரையைத் தொடுவதில்லை.

பரிந்துரைப்பதற்கு அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. புதிதாக வருபவரிடம் மூன்று கேள்விகள் கேட்பாள். கடைசியாக யார்மீது கோபப்பட்டீர்கள்? விடிந்த பிறகும் தூக்கம் வருமா? கண்ணாடி இல்லாமல் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படிக்க முடியுமா? பதில்களைக் கேட்டுக்கொண்டே முதல் ஊசியை ஏற்றுவாள். இரண்டாவது ஊசி ஏறி முடிவதற்குள் ஒரு தொடரின் பெயரைச் சொல்லிவிடுவாள். கதையை மட்டும் ஒருபோதும் சொல்ல மாட்டாள். “முதல் ரெண்டு பகுதியப் பொறுத்துக்கோங்க. அப்புறம் அதுவே உங்கள இழுத்துட்டுப் போயிடும்” என்பதற்குமேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது.

தான் முழுவதும் பார்க்காத எதையும் அவள் பரிந்துரைத்ததில்லை. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பார்த்துத் தீர்ப்பாள். மருத்துவமனை வரும் தொடர்களை ஒதுக்கிவிடுவாள். இன்னும் முடிவடையாத தொடர்களையும் அப்படியே. அடுத்த பாகத்திற்காக இரண்டாண்டு காத்திருங்கள் என்று அந்த நாற்காலிகளில் இருப்பவர்களிடம் சொல்ல அவளுக்கு நா எழாது. பன்னிரண்டு ஆண்டுகளில் அவள் சொன்னது சோடை போனதில்லை என்பது அந்தப் பிரிவில் எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தி. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

மூன்றாம் நாற்காலிக்கு அந்த ஓட்டுநர் வந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. முப்பத்தோராண்டுகள் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் நான்கு மணி நேரம் உட்காருவதில்லை. இரண்டரை மணி நேரம் கடந்ததும் கையை உயர்த்துவார். மருத்துவர் சொல்லியும் கேளாமல், தம் விருப்பத்தின்பேரில் முன்னதாகவே நிறுத்திக்கொள்வதாக ஒரு படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டுப் போய்விடுவார்.

“முப்பத்தோரு வருஷம் உக்காந்தவருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் ஒரு பெரிய விஷயமா?” என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

“அது ஓடற வண்டிம்மா. ஓடாத வண்டியில எவ்வளவு நேரம்தான் உக்காருவான் மனுஷன்?” என்றார் அவர்.

ஒவ்வொரு முறையும் அவர் உடலில் நீர் மிச்சம் நின்றது. ஒரே மாதத்தில் இரண்டு முறை மூச்சுத் திணறி அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். இரண்டாவது முறை, மருத்துவர் அவருடைய மனைவியைத் தனியே அழைத்து, இதயம் இன்னும் ஒரு முறை தாங்குமா என்பதற்குத் தம்மால் உறுதி கூற முடியாது என்றார். அந்த அம்மாள் நேரே எடை மேடைக்கு அருகே இருந்த அவளிடம் வந்து நின்றார்.

“நான் சொன்னா அவருக்குக் காதுல விழாது. உன் பேச்சத்தான் இங்க எல்லாரும் கேக்கறாங்களாமே. அவரையும் எதையாவது பாக்க வெச்சு உக்கார வெச்சுடும்மா.”

“பாக்கலாம்மா. நீங்க போய் ஏதாவது சாப்பிடுங்க” என்றாள் அவள்.

மறுமுறை அவரிடமும் மூன்று கேள்விகளைக் கேட்டாள். கோபம் யார்மீது என்றதற்கு, “இப்ப கேள்வி கேக்கறவங்கமேல” என்று பதில் வந்தது. ஆயினும், தன்னிடமிருந்த மிகச் சிறந்த குடும்பத் தொடரை அவருக்குப் போட்டுக் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் இயர்போனைக் கழற்றிவிட்டார். “இதுக்கு நான் வீட்லயே இருந்திருப்பேனே. அங்க இத விட நல்லா சண்ட போடுவாங்க.” இரண்டாவதாக ஒரு துப்பறியும் தொடர். அதன் இரண்டாம் பகுதியிலேயே, “குடையோட நிக்கறான் பாரு, அவன்தான் கொலகாரன்” என்று உரக்க அறிவித்தார். அடுத்த நாற்காலியில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் அதே தொடரின் ஐந்தாம் பகுதியில் இருந்தார்.

“டிரைவர் சார், உங்களுக்கு நாகரிகம்னு ஏதாவது இருக்கா?”

“இருக்கு, டீச்சரம்மா. அதனாலதான் ரெண்டாவது கொலைய யார் பண்றான்னு சொல்லல.”

அன்றும் இரண்டரை மணி நேரத்தில் கை உயர்ந்தது. படிவம் வந்தது.

அடுத்த முறை அவர் வந்தபோது கணுக்காலில் விரல் வைத்தால் பள்ளம் விழுந்தது. அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. முந்தைய நாள்தான் வெளியாகியிருந்த ஒரு தொடரின் விளம்பரப் படத்தில் ஒரு பேருந்து இருந்தது. தானே பார்க்கவில்லை என்ற உறுத்தல் இருந்தாலும், பேருந்தைக் கண்டால் மனிதர் உட்காருவார் என்று எண்ணி அதைப் போட்டுக் கொடுத்தாள். பன்னிரண்டு ஆண்டுகளில் அவள் முதன்முதலாகத் தன் விதியை மீறினாள். அது எவ்வளவு மோசமான தொடர் என்பது பத்தே நிமிடத்தில் அறை முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

“ஏம்மா, இங்க வா. இத நீ பாத்துட்டுத்தான் கொடுத்தியா?”

அவள் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்தாள்.

“நேர் ரோட்டுல ஸ்டியரிங்க மாவாட்டற மாதிரி ஆட்டறான். ரோட்டப் பாக்காம பின்னாடி திரும்பி அரை நிமிஷம் பேசறான். சரி, அத விடு. பிரேக்குல காத்து போயிடுச்சாம், பஸ்ஸ நிறுத்த முடியலையாம். காத்துல வேல செய்யற பிரேக்கும்மா இது. காத்து போனா சக்கரம் தானா இறுகி வண்டி நின்னுபோகும். இவங்க மொத்தக் கதையும் பத்தாவது நிமிஷத்துலயே நின்னுபோச்சு.”

“கதைன்னா அப்படித்தான் இருக்கும். எல்லாத்தையும் மெக்கானிக்கக் கேட்டா எழுத முடியும்?” என்றார் தலைமையாசிரியை.

“பசங்க தப்புத் தப்பா எழுதினா நீங்க மார்க் போட்டு அனுப்பிடுவீங்களா டீச்சரம்மா?”

“முழுசாப் படிக்காம நான் மார்க் போட்டதே கிடையாது.”

“சரி, நீங்களும் பாருங்க. முழுசாப் பாத்துட்டு வந்து பேசுங்க.”

தலைமையாசிரியை தம் தொடரை நிறுத்திவிட்டு அதையே தொடங்கினார். ஓட்டுநர் இரண்டாம் பகுதிக்குப் போனார். நிற்க வேண்டிய பேருந்து ஒரு பாலத்தைத் தாண்டியது; ஒரு சந்தைக்குள் புகுந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் ஒரு குற்றம் கண்டுபிடித்தார். தலைமையாசிரியை சிலவற்றை மறுத்தார்; சிலவற்றிற்கு, “இது கொஞ்சம் அதிகம்தான்” என்று இறங்கி வந்தார். இரண்டரை மணி நேரம் கடந்தது. மூன்றரையும் கடந்தது. மற்றவர்கள் தங்கள் ஒலியைக் குறைத்துவிட்டு இவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் நேரம் முடிந்ததாக ஒலித்தபோது, “அதுக்குள்ளயா?” என்றார் ஓட்டுநர். இரண்டு மாதங்களில் முதன்முறையாக அவருடைய எடை மருத்துவர் குறித்த அளவுக்கு வந்திருந்தது.

வீட்டிற்குச் செல்லும் வழியெல்லாம் அவள் அதையே எண்ணிக்கொண்டு சென்றாள். நல்ல தொடர் அந்த மனிதரை உட்கார வைக்காது. அவருக்குத் தேவை கதை அன்று. குற்றம் சொல்ல ஓர் இடமும், கேட்க ஓர் ஆளும். அந்தத் தொடர் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் அடுத்ததைத் தேட வேண்டும்.

ஆகவே அவள் தன் முறையைத் தலைகீழாக்கினாள். பார்த்தவர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளில் ஒற்றை நட்சத்திரம் பெற்றவற்றை மட்டும் தேடிப் படித்தாள். வண்டியும் இருக்க வேண்டும். மட்டமாகவும் இருக்க வேண்டும். கடத்தப்பட்ட லாரி ஒன்று கிடைத்தது. தண்டவாளம் இல்லாத இடத்தில் திரும்பும் ரயில் ஒன்று கிடைத்தது. பம்பு பழுது பார்க்கும் அவளுடைய கணவர், அவள் முகம் சுளித்தபடி திரையைப் பார்ப்பதை மூன்று நாள் பொறுத்துக்கொண்டார்.

“நல்லா இல்லன்னா நிறுத்தித் தொலையேன்.”

“நல்லா இருந்துடக் கூடாதேன்னுதான் பாக்கறேன்.”

“உனக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று சொல்லிவிட்டு அவர் தட்டைக் கழுவப் போனார்.

பிரிவிலும் பேச்சு எழுந்தது. உடன் வேலை செய்த செவிலி, “அக்கா, ரிமோட்ல பேட்டரி தீந்துபோச்சுன்னு சொல்றாங்க” என்று கேலி செய்தாள். ஆறாம் நாற்காலித் தையற்காரர், புதிதாக வந்த ஒருவரிடம், “முன்ன மாதிரி இல்லீங்க, இப்ப அது சொல்றத நம்பாதீங்க” என்று அவள் காதுபடவே சொன்னார். புதியவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் பெயர் மீளும். ஆனால், அது மூன்றாம் நாற்காலியின் காதுக்கும் எட்டிவிடும். தம்மை உட்கார வைக்கவே இந்த ஏற்பாடு என்று தெரிந்தால், அந்த வீம்புக்காரர் அன்றே எழுந்துவிடுவார். அவள் வாயைத் திறக்கவில்லை. ஆறு வாரங்கள் அவர் ஒருமுறைகூடப் படிவம் கேட்கவில்லை.

ஏழாவது வாரம் அவள் சறுக்கினாள். மலைப்பாதையில் பேருந்து ஓட்டும் ஒரு பெண்ணைப் பற்றிய தொடர் அது. ‘ஒன்றுமே நடப்பதில்லை, தூக்கம் வருகிறது’ என்று பலர் எழுதியிருந்ததை நம்பி, பார்க்க நேரமின்றி அதைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஓட்டுநர் வாயே திறக்கவில்லை. தலைமையாசிரியை இரண்டு முறை, “என்ன, சத்தத்தையே காணோம்?” என்று வாயைப் பிடுங்கிப் பார்த்தார். பயனில்லை. அவள் அவருக்குப் பின்னால் சென்று திரையை எட்டிப் பார்த்தாள். திரையில் அந்தப் பெண் பேருந்தின் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, பிரேக்கின் காற்றழுத்தம் காட்டும் முள் ஏறும்வரை அவசரமின்றி உட்கார்ந்திருந்தாள். அது நல்ல தொடர் என்று புரிய அவளுக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது.

சரியாக இரண்டரை மணி நேரம் ஆனதும் மூன்றாம் நாற்காலியில் கை உயர்ந்தது. அவள் படிவத்தை எடுக்காமலே போனாள்.

“இதக் கொடுத்ததும் நீதானே?”

“ஆமாம் சார்.”

“முப்பத்தோரு வருஷம் நான் ஓட்டினத அப்படியே எடுத்து வெச்சிருக்காங்க. ஒரு தப்பு இல்ல.” அவர் திரையைச் சுட்டிக் காட்டினார். “இப்படி ஒண்ணக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சவ, இத்தன நாளா அந்தக் குப்பையெல்லாம் தெரியாமக் கொடுத்திருக்க மாட்டே.”

அவளுக்குப் பொய் வரவில்லை. “தெரிஞ்சுதான் கொடுத்தேன்” என்றாள்.

“என் வீட்டுக்காரி சொன்னாளா?”

“அவங்க உக்கார வைக்கத்தான் சொன்னாங்க. எதக் காட்டறதுங்கறது என் வேல.”

தலைமையாசிரியை இயர்போனைக் கழற்றிவிட்டு வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஊசி ஏறிய தம் கையைப் பார்த்தார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சரம்மாவும் இதுக்குக் கூட்டா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த ரயிலக்கூட நான் நெசமாவே நல்லா இருக்குன்னு நெனச்சுத்தான் பாத்தேன்” என்றார் தலைமையாசிரியை.

ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை அசையக் கூடாது என்பதால், தோளைக் குலுக்காமல் சிரித்தார்.

“இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?”

“ஒன்றரை மணி சார்.”

“இத வீட்டுல அவகூட உக்காந்து பாத்துக்கறேன். இதுல பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. அந்த மாதிரி மட்டமா வேற ஏதாவது இருந்தா எடு.”

“கப்பல் ஒண்ணு இருக்கு சார். ரொம்ப மோசம்.”

“கப்பலப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதே.”

“எடுத்தவங்களுக்கும் தெரியாது.”

“அப்ப சரி, போடு” என்றார் அவர். தலைமையாசிரியையும் பெயரைக் கேட்டுத் தம் திரையில் அதையே தேடத் தொடங்கினார்.