காதர் பாயின் போனில் நான் உறங்க வைத்த ஆப்

பேட்டரி வைத்தியன் என்று மாட்டுங்காவில் எனக்கொரு பெயர் உண்டு. பட்டம் நானே கொடுத்துக்கொண்டது. தாராவியில் தோல் பை தைக்கும் காதர் பாய், முதன்முதலாக வாங்கிய ஸ்மார்ட்போனை என்னிடம் நீட்டினார்.

"மத்தியானத்துக்குள்ள செத்துருது சார்."

திரை வெளிச்சத்தைக் குறைத்தேன். அவர் தொடாத ஆப்களையெல்லாம் உறங்க வைத்தேன்; திறந்தால்தான் விழிக்கும், அதுவரை மணிகூட அடிக்காது. அவற்றில் ஒன்றின் வழியாகத்தான் சவூதியிலிருக்கும் அண்ணன் அவரைக் கூப்பிடுவார். இவர் கூப்பிடுவதில்லை, காத்திருப்பார். அதை நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் நிபுணர் என்ன நிபுணர்?

சார்ஜ் இரண்டு நாள் நின்றது. சந்து முழுக்க என் புகழைப் பாடினார்.

மூன்றாம் நாள், அண்ணன் அங்கே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாக ஊரிலிருந்து மதினி சாதாரண அழைப்பில் சொல்லி அழுதார். நான் துக்கம் விசாரிக்கப் போயிருந்தபோது காதர் பாய் அந்த ஆப்பைத் திறந்தார். தவறிய அழைப்புகள் மொத்தமாக வந்து விழுந்தன. கடைசியில் ஒரு குரல் செய்தி.

"காதரு, போன எடுல... ஒரு வார்த்த பேசணும்."

"ஒரு தடவகூட அடிக்கலையே சார். நெட்வொர்க்கா இருக்குமோ?"

காரணம் தெரிந்த ஒரே ஆள் நான்.

"ஆமா பாய், இந்தச் சந்துல சிக்னல் ரொம்ப மோசம்" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். நம்பாமல் இரண்டு அறை விட்டிருந்தால், வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பேன்.