கலைச்செல்வி எடுத்த அளவு

கலைச்செல்வி போய்விட்டார் என்ற செய்தி எங்கள் புத்தூர் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. வீடுகளைப் புதுப்பிக்கவும் அலமாரிகள் செய்யவும் வரைபடம் போடும் அலுவலகம் அது. பதினோரு வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர். இரங்கல் கூட்டத்தில் முதலாளி, "நல்லவங்க. என்ன, புது சாஃப்ட்வேர்தான் கடைசி வரைக்கும் அவங்களுக்குப் பிடிபடலை" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலைச்செல்வியை அறிந்தவர்களே, நடந்ததைக் கேளுங்கள்.

அந்த சாஃப்ட்வேரை விற்க வந்தவர், சோபாவும் திரைச்சீலையுமாக ஒரு கூடத்தை நொடியில் வரைந்து காட்டினார். நாங்கள் வாயைப் பிளந்தோம். கலைச்செல்வி மட்டும், அடுத்து செய்யவிருந்த ஸ்ரீரங்கத்துப் பழைய வீட்டின் அளவுத்தாளை நீட்டினார். சமையலறையில் இரண்டு சுவர்களுக்கு நடுவே கீழே எட்டு அடி. மேலே ஒன்றரை அங்குலம் குறைவு.

"இதை வரைங்க சார்."

சாஃப்ட்வேர் ஓர் அளவைத்தான் ஏற்றது. "சுவரை நேராக்கிட்டா முடிஞ்சுது மேடம்" என்றார் வந்தவர்.

"கோணலைக் கோணலாவே வரையணுங்க. நேராக்கிக் காட்டினா படம் நல்லாயிருக்கும், அலமாரி உள்ளே போகாது."

படம் சுமாராக வந்தாலும் எல்லா அளவையும் ஏற்கும் வேறொன்றைக் கேட்டார். முதலாளி எங்களைக் கை தூக்கச் சொன்னார். அழகான படத்துக்கே தூக்கினோம். நானும்தான்.

அதை வாங்கி ஸ்ரீரங்கத்து வீட்டை வரைந்தபோது, மேல் அளவைக் கலைச்செல்வி வரைபட ஓரத்தில் குறிப்பாக எழுதினார். பலகை அறுக்க சாஃப்ட்வேர் கொடுத்த அளவுப் பட்டியலில் அந்தக் குறிப்பு ஏறவில்லை. தச்சர்கள் எட்டு அடிக்கே அறுத்தார்கள். அலமாரி மேலே இடித்துக்கொண்டு வெளியே நின்றது. முதலாளி கொஞ்சமும் கூசாமல் வீட்டுக்கார மாமிக்குப் போன் போட்டு, "எங்க மேடம் அளவைத் தப்பா எடுத்துட்டாங்க" என்றார். கலைச்செல்வி என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பலகையைச் சீவி ஒப்பேற்றினார்கள். பழி அவர் மேலேயே தங்கிவிட்டது. செத்த பிறகும் விடவில்லை.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் டேப்பையும் அவருடைய அளவுத்தாளையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். கீழேயும் மேலேயும் அளந்தேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. "அவங்க எடுத்த அளவு சரிங்க மாமி. சாஃப்ட்வேரை நாங்கதான் தப்பா வாங்கினோம்" என்றேன்.

கலைச்செல்வியின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த அளவுத்தாளும், அன்று மாமி என்னைக் கேட்டதும்தான்.

"அவ இருக்கறச்சே இதைச் சொல்லியிருக்கப்படாதோ?"