சித்தப்பா இளைக்க வைத்த சக்கரம்

தண்ணீரே ஊற்றத் தேவையில்லாத கார் ஒன்று எங்கள் சித்தப்பாவிடம் இருந்தது. பழைய சீமைக் கார். இஞ்சின் பின்பக்கம். அதைக் குளிர வைப்பது வெறும் காற்றுதான், பிள்ளைகளே.

சித்தப்பாவுக்குப் பாலக்கரையில் ஒர்க்‌ஷாப். அந்த இஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல் தண்டின் முனையில் பிளைவீல் என்று கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று சுற்றும். அதைக் கழற்றி, லேத்தில் கடைந்து நன்றாக இளைக்க வைத்தார். கார் கன்றுக்குட்டி மாதிரித் துள்ளியது. காவிரிப் பாலத்தில் பஸ்ஸையே முந்தினோம். அந்தப் பெருமையில், அத்தையின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு தன் காரில்தான் என்று சொல்லிவிட்டார்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதி, சாயங்காலம். முன்னால் நாதஸ்வரம். பூ ஜோடித்த காரில் மாப்பிள்ளை பக்கத்தில் நான், ராஜா மாதிரி. ஊர்வலமோ நத்தையாக நகர்ந்தது. கார் குலுங்கி நின்றது. சித்தப்பா கிளப்பினார், கொஞ்சம் போய் மறுபடி நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா ஜன்னலில் குனிந்தார். “மாப்பிள்ளை வண்டி வழியில நிக்கிறது நல்ல சகுனமாங்க? இன்னொரு தடவை நின்னா, கல்யாணத்தையே யோசிக்க வேண்டியிருக்கும்.”

சித்தப்பா அசரவில்லை. “அண்ணே, கொஞ்சம் ஓடிக்கிட்டே வாசிங்களேன்!” என்றார் நாதஸ்வரக்காரரிடம்.

“ஓடவா, ஊதவா? எனக்கு இருக்கிறது ஒரு மூச்சுதாங்க!”

கார் மீண்டும் குலுங்க ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. முன்னால் சாய்ந்து மெல்லக் கேட்டார்: “மச்சான், பிளைவீலைக் கடைஞ்சீங்களா?”

“கொஞ்சம் நிறையவே கடைஞ்சுட்டேன், மாப்ளே.”

கனம் இருந்தால்தான் இஞ்சின் மெல்லப் போகும்போதும் அணையாமல் சுற்றும். இளைத்த சக்கரத்துக்கு ஓடத் தெரியும், நடக்கத் தெரியாது.

“வண்டியை நிறுத்துங்க மச்சான்!” என்றார் மாப்பிள்ளை, தெருவே கேட்கிற மாதிரி. கதவைத் திறந்து இறங்கினார். “அப்பா, இது பெருமாள் தேர் வர்ற வீதி. கார்ல உக்காந்து போக எனக்கு மனசு வரலை. நடந்தே வரேன்.”

அவருடைய அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட்டம் மெச்சியது. என் சவாரிதான் போயிற்று. அழுதேன்.

மறுநாள் பந்தியில், எல்லோரும் கேட்க, “புது மாமாவுக்குக் கார்ல உக்காரவே தெரியலை!” என்று சொல்லிவிட்டேன். புது மாமா சிரித்தார். சித்தப்பா பாய்ந்து வந்து, முழு ஜாங்கிரியை என் வாயில் அடைத்தார்.

நான் சொன்னதில் என்ன தப்பு என்று யோசித்துக்கொண்டே மென்றேன்.