திரை மங்கிய சனிக்கிழமை

கடலூர் டாக்கீஸ் ஒன்றில் பெண்கள் பக்கத்து டிக்கெட் அறையில் நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் மாதம், என் கணவர் அங்கேயே படம் ஓட்டும் ஆபரேட்டராக வந்து சேர்ந்தார். நாங்கள் பிரிந்து இரண்டு வருடமாகியிருந்தது. நான் அங்கே இருப்பது தெரியாமல்தான் வந்ததாகச் சொன்னார். நம்பினேன். நம்பியது சரிதானா என்று பிறகு ஒரு வாரம் யோசித்தேன்.

நாங்கள் பிரிந்ததற்குக் காரணம், அப்போது அவர் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு புதுப்படம். சிதம்பரத்தில் அப்பா வீட்டில் பிரசவமாகி, ஜன்னி கண்டு நான் கிடந்தபோது அவருக்குத் தந்தி போயிற்று. எட்டாம் நாள்தான் வந்தார். "மாத்து ஆளு இல்ல. கார்பனை வுட்டுட்டு எப்படி வர்றது?" என்றார்.

அதில் பொய் இல்லை. புரொஜெக்டருக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் எரிகிற வெளிச்சத்தில்தான் படம் ஓடும். அவை எரிந்து குறையக் குறைய, திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் திரை மங்கிவிடும். கல்யாணமான புதிதில் எனக்கே அதைக் கற்றுக்கொடுத்திருந்தார். ஆனாலும் நான் அவரோடு திரும்பிப் போகவில்லை.

இப்போது, விளம்பர சிலைடு எழுதிக் கொடுப்பதும் என் வேலை. "ஆபரேட்டர், இந்தாங்க" என்று நீட்டுவேன். "சரிங்கம்மா" என்று வாங்கிக்கொள்வார். பெண்கள் பக்கம் கேட்டில் நிற்கும் அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது.

"கட்டின புருஷன ஆபரேட்டருங்குற. அந்தாளு உன்ன அம்மாங்குது. இவுங்க ஓட்டுற படத்துலகூட இந்தக் கூத்து இல்லடி!"

ஒருநாள் அவர் சிலைடை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். "திருப்பாப்புலியூர்ல வீடு பாத்திருக்கேன். வர்றியா?"

அதே வாரம் அப்பாவின் கடிதமும் வந்தது. மாப்பிள்ளையோடு வாழ்வதானால் வாழ். இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டு வா, டீச்சர் டிரெயினிங்கில் சேர்க்கிறேன். எதுவானாலும் திங்கட்கிழமைக்குள் முடிவாக எழுது என்றிருந்தது. காலையில் ஒரு பதில் எழுதினேன். மாலையில் அதைக் கிழித்தேன். எனக்காக என்றால் பரவாயில்லை. மகளுக்கு ஜுரம் வந்து, அதே நேரம் மறுபடி ஒரு புதுப்படமும் வந்தால்?

அந்தச் சனிக்கிழமை மாட்னிக்கு மகளையும் கூட்டிப் போயிருந்தேன். அவளுக்கு இரண்டு வயது. அவர் துண்டு பிலிம் கொடுப்பார் என்பதால் ஆபரேட்டர் அறைமீது அவளுக்கு ஆசை. இரும்புப் படி, நெருப்பு, பிலிம் என்று எனக்கோ எல்லாமே பயம். அக்காவிடம் விட்டுவிட்டு டிக்கெட் கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே விசில் கேட்டது. எட்டிப் பார்த்தேன். திரை மங்கிக்கொண்டிருந்தது. கதாநாயகியின் முகம் பழுப்பாகி, வெறும் நிழலாகிவிட்டது.

அவர் ஒருநாளும் அப்படி விட்டவரில்லை. ஓடினேன்.

படிக்கட்டின் அடியில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மகள். அவள் நெற்றியில் ரத்தம், அவர் துண்டால் அழுத்திப் பிடித்திருந்தார். அக்கா அசந்த நேரத்தில் ஏறி, பாதிப் படியில் வழுக்கியிருக்கிறாள்.

என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "ஐயோ, படம் மங்குது!"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மங்கட்டும்" என்றார்.

இரண்டு வருடமாக அவரை எதற்காகக் குற்றம் சொன்னேனோ, அதையே நான் செய்துவிட்டு நின்றேன். குனிந்து துண்டை விலக்கிப் பார்த்தேன். காயம் ஆழமில்லை. மகள் அவர் சட்டையைப் பற்றிக்கொண்டு விம்மினாள்.

"ரீல் ஓடிட்டிருக்கு, அங்க ஆள் இல்லாம இருக்கக்கூடாது" என்றார். "நீ போய்த் திருகு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். புரொஜெக்டரின் கறுப்புக் கண்ணாடி வழியாகக் குச்சிகளைப் பார்த்து, திருகைக் கால் சுற்று நகர்த்தினேன். குச்சிகள் நெருங்கின. சுவர் ஓட்டை வழியே கதாநாயகியின் முகம் வெளுத்து வந்தது. கீழே பெஞ்சு டிக்கெட்காரர்கள் கைதட்டினார்கள்.

சற்று நேரத்தில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "இன்னும் கொஞ்சம் நெருக்கு."

"எனக்குத் தெரியும். நீங்க அவளப் பாருங்க" என்றேன். ஆபரேட்டர் என்று சொல்லவில்லை. அவரும் அம்மா போடவில்லை.

அந்த ரீல் முடியும்வரை நான்தான் ஓட்டினேன். திங்கட்கிழமை காலை அப்பாவுக்கு நான்கு வரி எழுதி, கீழே திருப்பாப்புலியூர் வீட்டு விலாசத்தையும் சேர்த்து, மறுபடி படித்துப் பார்க்காமல் தபாலில் போட்டேன்.