கண்ணியமான ஒரு பேன்ட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, குறிஞ்சிப்பாடி போகும் ரோட்டில் உட்கார்ந்து ஒரு பெண்ணின் பேன்ட்டைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தேன்.

பதறாதீர்கள். பேன்ட்டின் வலது கால் சைக்கிள் செயினில் சிக்கியிருந்தது. பேன்ட்டுக்குள் கலாவின் கால் இருந்தது. கலா ரோட்டில் கிடந்தாள், சைக்கிள் அவள் மேல் கிடந்தது, பனி இன்னும் விலகவில்லை. பின்னால் வந்த கரும்பு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. நின்றதே... அதற்காக அந்த டிரைவரை இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. ஜனவரியில் எங்கள் சைக்கிள் குரூப் போகவிருக்கும் நூறு கிலோமீட்டர் ரைடில் கலா கிடையாது.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஐந்து நாளாகச் சாம்பாரில் உப்பு சரியில்லை, ஆபீஸில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எழுதினாலாவது அடங்குகிறதா பார்க்கலாம்.

கலாவை உங்களுக்குத் தெரியாது. நெய்வேலி மைன்ஸ் ஆபீஸில் என் பக்கத்து சீட். சொந்த ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம், இப்போது வடலூரில் வாடகை வீடு. நான் பர்மனன்ட், அவள் கான்ட்ராக்ட். டவுன்ஷிப்பில் வாழ்ந்தவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரியும். கேன்டீனில்கூட அவள் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவாள். சைக்கிளில் ஏறிவிட்டால் கதை வேறு. அவள் முன்னால் பறப்பாள், நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போவேன். நூறு கிலோமீட்டர் முடித்து மெடல் வாங்க வேண்டும் என்று நாலு மாதமாகப் பயிற்சி எடுத்தாள். வாழ்க்கையில் மெடல் என்று ஒன்றைக் கையில் வாங்கியதே இல்லையாம்.

நவம்பர் கடைசியில் பனி ஆரம்பித்தது. நெய்வேலியில் குளிரா என்று ஊட்டி வாசகர்கள் சிரிக்க வேண்டாம். விடிகாலை ஐந்தரைக்கு ரிங் ரோட்டில் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் பாருங்கள். காற்று நேராக முட்டியில்தான் வந்து குத்தும். ஐம்பதைத் தாண்டிய என் முட்டிக்கு அது மறுநாள் மாடிப்படி ஏறும்போதுதான் புரியும்.

ஆகவே காலுக்கு என்ன போடுவது என்று இருவரும் ஆராய்ச்சியில் இறங்கினோம். முதலில் சாதாரண காட்டன் லெகிங்ஸ். பனியையும் வியர்வையையும் சேர்த்துக் குடித்துவிட்டு ஈரத்துணியாக ஒட்டிக்கொண்டது. சுடிதார் டாப்ஸ் சீட்டில் மாட்டியது. அடுத்து ஆன்லைனில் உள்ளே பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் ஒன்றை வரவழைத்தேன். ஐரோப்பாக்காரன் பனிக்கட்டி நடுவில் போடுவது. ஆறரைக்கு சுகமாக இருந்தது. ஏழரைக்கு வெயில் ஏறியதும் என் கால்கள் இரண்டும் இட்லிப் பானைக்குள் இருந்தன.

கடைசியில் சரியானது கிடைத்தது. மெல்லிய சைக்கிளிங் டைட்ஸ். முன்பக்கம் மட்டும் காற்றுப் புகாத துணி, பின்பக்கம் சாதாரணம், உட்காருமிடத்தில் மெத்தை, கணுக்காலில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை. தோலோடு ஒட்டி நிற்கும், எங்கேயும் தொங்காது. ஆளுக்கு ஒன்று வாங்கினோம். முதல் நாள் போட்டுக்கொண்டு வந்த கலா, காலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

இரண்டு வாரம் ஓட்டினோம். பிறகு வந்தது வம்பு.

எங்கள் பிளாக் பால் பூத்தில் யாரோ யாரிடமோ, 'ரெண்டு லேடீஸ் விடியகாலையில டைட்ல சைக்கிள் ஓட்டிகினு போறாங்க' என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் டைட்ஸைத்தான் சொன்னார். கேட்டவருக்குத் தெரிந்த 'டைட்' வேறு. நம் ஊரில் ஒருவர் டைட்டாக இருக்கிறார் என்றால் அவர் எங்கே போய்விட்டு வருகிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. பூத்தில் கிளம்பிய செய்தி இரண்டு பிளாக் தாண்டுவதற்குள் நானும் கலாவும் விடிவதற்கு முன்பே குடித்துவிட்டு ரிங் ரோட்டில் தள்ளாடிக்கொண்டிருந்தோம்.

எங்கள் சைக்கிள் குரூப்பின் அட்மின், மைன்ஸில் சேஃப்டி ஆபீசர். எல்லோரும் சேஃப்டி சார் என்றுதான் கூப்பிடுவோம். விஷயம் அவர் காதுக்குப் போயிற்று. என்னைக் கூப்பிட்டு ரொம்பத் தயக்கத்தோடு விசாரித்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். குடியல்ல சார், துணி என்றேன். அவரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

சிரிக்கவில்லை. முகம் இன்னும் இறுகிவிட்டது. குடித்திருந்தால்கூட ஏதாவது பிரச்சினை இருக்கும் பாவம் என்று விட்டிருப்பார் போல. பேன்ட்டை அவரால் மன்னிக்க முடியவில்லை.

அன்று மாலையே குரூப்பில் மெசேஜ். 'பெண் உறுப்பினர்கள் உடலை ஒட்டிய ஆடைகளைத் தவிர்த்து, லூசான டிராக் பேன்ட் அணிந்து டவுன்ஷிப்பின் கண்ணியம் காக்கவும். பின்பற்றாதவர்கள் ஜனவரி ரைடில் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார்கள்.'

பெண் உறுப்பினர்கள் மட்டும். ஆண்கள் என்ன போடுகிறார்கள் தெரியுமா? சேஃப்டி சாரின் சைக்கிளிங் ஷார்ட்ஸை நான் இரண்டு வருடமாகப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். அந்தக் காட்சியை விவரித்தால் ஆசிரியர் என் பத்தியை நிறுத்திவிடுவார். டவுன்ஷிப்பின் கண்ணியம் இதுவரை அதைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மெசேஜுக்கு நான் என்ன செய்தேன்? கட்டைவிரல் போட்டேன். ஆமாம், நான்தான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊரையே கிழிக்கிறவள். ரைடுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, எதற்கு வீண் சண்டை என்று நினைத்தேன். நான் கட்டைவிரல் போட்டதைப் பார்த்துவிட்டுக் கலாவும் போட்டாள். அக்காவே போட்ட பிறகு அவள் என்ன செய்வாள்? அவளுக்கு மெடல் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தொளதொள டிராக் பேன்ட்டில் கிளம்பினோம். நான் என் பேன்ட் காலை நீள சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டேன். கலா போட்டிருந்தது குட்டை சாக்ஸ். அவளுக்கு ஒரு ரப்பர் பேண்டாவது கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போது என்மேலேயே கோபம் வருகிறது.

இறக்கத்தில் வேகமெடுத்தாள். பேன்ட்டின் கால் படபடவென்று அடித்துக்கொண்டது, செயின் பல்லில் மாட்டியது, பெடல் அப்படியே நின்றது. அவள் நிற்கவில்லை.

மறுநாள் மாலை நான் கலா வீட்டில் இருந்தபோது சேஃப்டி சார் ஆப்பிளோடு வந்தார். நிஜமாகவே வருத்தமாகத்தான் இருந்தார், அதை மறைக்க மாட்டேன். அறுத்தெடுத்த பேன்ட் ஒரு மூலையில் கிரீஸ் கறையோடு கிடந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழக்கதோஷம்.

"கால மடிச்சு ஒரு கிளிப் போட்டிருக்கணும்மா. நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாயைத் திறப்பதற்குள் கலா பேசிவிட்டாள். ஆபீஸில் அவர் எதிரில் உட்காரக்கூட மாட்டாள் அவள்.

"சார், போன மாசம் ட்ரெய்னிங் எடுத்தீங்களே. நான் மூணாவது வரிசையில உக்காந்துகினு இருந்தேன். ஒரு கர்ச்சீப்ப ரோலர்ல வுட்டு, எப்படி இழுத்துக்கினு போவுதுன்னு காட்டுனீங்க. சுத்துற எதுக்கும் பக்கத்துல லூசா ஒண்ணும் தொங்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அத மனசுல வெச்சிகினுதான் சார் நான் அந்த டைட்ஸ வாங்குனேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். சேஃப்டி சார் பேன்ட்டை மடித்து, மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவருக்கு வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். கன்வேயர் பெல்ட் பக்கம் சட்டை நுனி வெளியே தொங்கினால் அந்த மனிதர் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். துப்பட்டாவோடு போன ஒரு ட்ரெய்னியைக் கேட்டிலேயே நிறுத்தியவர். சுற்றுகிற மெஷினைப் பற்றி இந்த டவுன்ஷிப்பில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. அப்படிப்பட்டவர், செயின் சுற்றும் இடத்தில் ஒரு பெண்ணைத் தொளதொள பேன்ட்டோடு உட்காரவைத்தார். தெரியாமல் செய்தாரா? எல்லாம் தெரியும். சைக்கிளில் பெண்ணைப் பார்த்ததும் அவருக்கு செயின் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். படித்தவர், நல்லவர், ஆப்பிள் வாங்கி வருகிறவர். எனக்கு ஆத்திரம் வருவதே அதனால்தான்.

அவர் போனதும் கலா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கான்ட்ராக்டில் ஆறு வாரம் டைப் அடிக்க முடியாமல் போனால் சீட்டில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களா? "போட மாட்டாங்க இல்லக்கா?" என்றாள். மாட்டார்கள் என்றேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை செக்‌ஷன் ஹெட் முன்னால் போய் நின்று, அவள் வேலையையும் சேர்த்து நானே செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பர்மனன்டாக இருப்பது இதற்காவது பயன்பட வேண்டாமா?

அன்று இரவு, மைன்ஸில் சின்னக் காயம் என்றால்கூட நிரப்பச் சொல்வார்களே ஒரு ஃபாரம், அதே மாதிரி ஒன்றை டைப் செய்து குரூப்பில் போட்டேன்.

'விபத்து எப்படி நடந்தது: லூசான ஆடை செயினில் சிக்கியது. ஏன் நடந்தது: அதை அணியச் சொல்லி அட்மின் உத்தரவு, அதற்கு நான் போட்ட கட்டைவிரல். மீண்டும் நடக்காமலிருக்க: பெண்களின் காலில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பெண்களே முடிவு செய்வார்கள்.'

பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. 'அட்மின் இந்த மெசேஜை நீக்கிவிட்டார்' என்று வந்தது.

நீக்கட்டும். இந்தப் பக்கத்துக்கு அவர் அட்மின் இல்லை.