கடைசி என்று யாரையும் சொல்லாத போட்டி

மன்னாரிலிருந்து வந்த சவிரிமுத்து, சுவிஸின் ஓல்டன் நகரில் ஒரு லாகரில், அதாவது சரக்குக் கிடங்கில், பொதி அடுக்கினார். அவருக்குப் பாட்டு வராது. மனைவி பெர்னடெற்றுக்கு வரும்.

1995இல் அங்குள்ள தமிழர்களின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் நடந்த பாட்டுப்போட்டியில் எல்லோருடைய புள்ளிகளையும் மேடையிலேயே பலகையில் எழுதினார்கள். பெர்னடெற்றின் பெயர் அடியில் கிடந்தது. வீட்டுக்கு வந்தவள், "இனி என்னைப் பாடச் சொல்லிக் கேக்காதேங்கோ" என்றாள். அதன்பின் கோயிலிலும் வாய் திறக்கவில்லை. சவிரிமுத்துவுக்கு அது நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

அடுத்த மே மாதம், வேலையிடத்தில் யாரோ விட்டுப்போன ஜெர்மன் பேப்பரில் ஒரு கட்டுரையைக் கண்டார். ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப்போட்டி தொடங்கி நாற்பது வருடமாம். அகராதியும் கையுமாக மூன்று நாள் இடைவேளையில் வாசித்து முடித்தவர், நேரே ஒளிவிழாப் போட்டியை நடத்தும் பத்மநாதன் வீட்டுக்குப் போனார்.

"அண்ணை, முதல் போட்டி இஞ்சை லுகானோவிலைதான் நடந்தது. ஏழு நாடு, ஆளுக்கு ரண்டு பாட்டு. வெண்டது சுவிஸ் எண்டு மட்டும்தான் சொன்னவையாம். மற்றவைக்கு எத்தனை புள்ளியெண்டு இண்டைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

"ரண்டாவது ஆரெண்டு சனம் கேக்குமே?"

"கேக்கட்டும் அண்ணை. கடைசி ஆரெண்டும் தெரியாதெல்லோ?"

போன வருடம் பலகையில் எழுதியவர் பத்மநாதன்தான். "சரி, அப்பிடியே செய்வம்" என்றார்.

வீட்டில்தான் பாடுபட வேண்டியிருந்தது. பெர்னடெற் ஓம் சொல்ல ஐப்பசி வரை எடுத்தது.

அந்த வருட ஒளிவிழாவில் அவள் இரண்டு பாட்டுப் பாடினாள். முதலாவதில் குரல் நடுங்கியது. இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டாள், நடுக்கம் போய்விட்டது. வென்றது சூரிச்சிலிருந்து வந்த அனோஜா. அவளுடைய பெயரை மட்டும் வாசித்துவிட்டு, நடுவர்கள் புள்ளி எழுதி மடித்துக் கொடுத்த துண்டுகளைப் பத்மநாதன் சவிரிமுத்துவின் கையில் திணித்தார். "நீரே கிழியும்."

மண்டபத்துக்கு வெளியே நின்று, மடிப்பைப் பிரிக்காமலே அவற்றைக் கிழித்துப் போட்டார்.

வீட்டுக்கு நடக்கையில் பெர்னடெற் கேட்டாள்: "பாத்தனீங்களோ?"

"இல்லை."

"உண்மையாவோ?"

"உண்மையா. பாக்கப் பயமாயும் இருந்தது."

அவள் சிரித்துவிட்டாள். பனியில் வழுக்காமலிருக்க அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "முதல் பாட்டைக் கொஞ்சம் கீழ்ச்சுருதியிலை தொடங்கியிருக்கலாம்" என்றாள். வீடு வரும்வரை அதைப் பற்றியே கதைத்தாள்.