குசினிப் புகை

அனலைதீவில் ஒரு கோயில் ஐயர் வீட்டு விறாந்தை மேசையில் வட்டமான வடிதாள்கள் இரண்டு வரிசையாகப் பரப்பப்பட்டிருந்தன. காற்று அவற்றைக் கிளப்பிவிடாமல் ஐயரின் மகள் இரு கைகளாலும் ஓரங்களை அழுத்திக்கொண்டு நின்றார். மேல்வரிசைத் தாள்களில் மங்கலான பழுப்புதான் இருந்தது. கீழ்வரிசையோ கரிக்கட்டியால் தேய்த்தெடுத்தது போலக் கிடந்தது. குனிந்து பார்த்த எங்கள் பேராசிரியர் நிமிர்ந்து என்னிடம், "இது என்ன?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஐந்து விநாடிகூடப் பிடித்திராது. அந்தப் பதிலைச் சொன்னவனாகத்தான் அதற்குப் பிறகு இத்தனை வருடமும் வாழ்ந்திருக்கிறேன்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. பல்கலைக்கழகத்தில் இரசாயனத் துறையில் உதவி விரிவுரையாளராக இருந்தேன். காற்றில் மிதந்து வரும் நுண்துகள்கள்தான் என் ஆய்வு. கடலுப்பு எவ்வளவு, மண்தூசி எவ்வளவு, புகை எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும். யாழ்ப்பாண நகரத்துக் காற்றோடு ஒப்பிடுவதற்குச் சுத்தமான காற்று உள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. தொழிற்சாலை இல்லை, வாகனம் இல்லை, வடக்கே பார்த்தால் கடல் மட்டும்தான் என்று அனலைதீவைத் தெரிவுசெய்தவன் நான்தான். கார் பற்றறியில் ஓடும் சிறிய மோட்டார் ஒன்று காற்றை இழுத்து வடிதாளினூடாக விடும். நாள்தோறும் ஒரே நேரத்தில் தாளை மாற்றி, உறையில் இட்டு, திகதியும் காற்றின் திசையும் எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டும். ஊர்காவற்றுறையிலிருந்து என்னை ஏற்றிவந்த படகுக்காரர், ஐயரின் மகள் விஞ்ஞானம் படித்தவர் என்று சொல்லி அந்த வீட்டைக் காட்டிவிட்டார்.

அவருக்கு அப்போது இருபத்தாறு வயதிருக்கும். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதி மயிரிழையில் தவறிப்போனது. அயல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தார்.

"ஒருநாளும் தவறக்கூடாது. உம்மாலை ஏலுமோ?" என்று கேட்டேன்.

"ஏலும் சேர். கோயில் மணி பிந்தினாலும் இது பிந்தாது," என்றார். மணியடிக்கும் தகப்பன் பக்கத்தில் நின்று சிரித்தார்.

எங்கள் துறையில் ஆய்வுகூட உதவியாளர் வேலை ஒன்று வரவிருந்தது. அதற்கு அவரைச் சிபாரிசு செய்து கடிதம் தருவதாக நானாகவே சொன்னேன். அவர் கேட்கவில்லை. அதைச் சொன்னதும் உள்ளே போய்த் தாயைக் கூட்டிவந்து, திரும்பவும் ஒருமுறை என் வாயால் சொல்லவைத்தார்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசிய மாதங்களில் தாள்கள் நான் எதிர்பார்த்தபடியே வந்தன. உப்பும் மண்ணும்தான். வடக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கியதும் அவை கறுக்கத் தொடங்கின. பேராசிரியர் வேலையை நேரில் பார்க்க வந்தது அப்போதுதான். கடற்படைக்குப் பயந்து படகுகள் ஒழுங்காக ஓடாத காலம். மூன்று தரம் பிற்போட்டு, நான்காம் தரம் வந்தார். அவ்வளவு கஷ்டப்பட்டு வந்த மனிதருக்கு முன்னால், சுத்தமான காற்று என்று நான் எழுதிக்கொடுத்த இடத்தில், அந்தக் கரிய வரிசை கிடந்தது.

"குசினிப் புகை, சேர்," என்றேன். "அடுப்படிக்குக் கிட்ட, கவனமில்லாமல் வைச்சிருக்கினம்."

ஐயரின் மகள் தாள்களிலிருந்து கையை எடுக்கவில்லை. "இல்லை சேர். நான் அதைச் சோதிச்சுப் பாத்தனான். கொப்பியிலை எழுதியிருக்கிறன்."

"கொப்பியைப் பிறகு பாக்கிறன்."

"ஒருக்கா இப்பவே பாருங்கோ சேர். ரெண்டு பக்கம்தான்."

ஐயர் இடையில் புகுந்தார். "பிள்ளை, படிச்ச ஆக்கள் சொல்லுகினம். நீ பேசாமல் இரு." பிறகு பேராசிரியரிடம் திரும்பி, தன் வீட்டில் பிழை நடந்துவிட்டதென்று மன்னிப்புக் கேட்டார். பூசை செய்யும் கைகளைக் கூப்பிக்கொண்டு கேட்டார். நான் மோட்டாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். அன்றே கருவிகளோடு திரும்பினோம். தாள்களையும் கொப்பியையும் ஐயரின் மகளே ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து படகில் வைத்தார். சிபாரிசுக் கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. அந்த வேலைக்கு வேறொருவர் வந்தார்.

கொப்பியைத் திறந்தது இரண்டு மாதத்துக்குப் பிறகு. வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எழுத விஷயம் இல்லாமல் பழைய கடதாசிகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். சாய்வில்லாத நேர் எழுத்தில் அந்த இரண்டு பக்கங்கள் இருந்தன. தாள் கறுப்பதைக் கண்டதும் அவருக்கும் குசினி மேல்தான் முதலில் சந்தேகம் வந்திருக்கிறது. அதனால் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், வீடுகளுக்கு அப்பால், வடக்குக் கரையில் பத்து நாள் வைத்திருக்கிறார். தாள் அங்கும் கறுத்தது. பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று நாள் அடுப்பே மூட்டாமல் பார்த்திருக்கிறார். 'அம்மாவிடம் விரதம் என்று சொன்னேன்' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தது. அப்போதும் கறுத்தது. காற்று ஒருநாள் மட்டும் திசைமாறித் தெற்கிலிருந்து வீசியபோது, குசினியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தும், தாள் வெளுத்திருந்தது. கடைசி வரி இது: 'ஆகவே இந்தக் கரி எங்கள் ஊருடையது அல்ல. வாடைக்காற்று கடலுக்கு அப்பாலிருந்து, வெகு தூரத்திலிருந்து கொண்டுவருகிறது என நினைக்கிறேன்.'

நான் கதிரையை விட்டு எழும்பி, அறைக்குள் நடந்து, திரும்ப வந்து வாசித்தேன். எந்தக் குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் செய்திருக்க வேண்டியதை, நான் செய்திருக்கக்கூடியதிலும் நன்றாக அவர் செய்திருந்தார்.

அன்றே ஊர்காவற்றுறைக்கு பஸ் ஏறியிருக்கலாம். நான் விண்ணப்பத்தை எழுதினேன். கரையில் வைத்த பத்து நாளும், அடுப்பு மூட்டாத மூன்று நாளும், அந்தக் கடைசி வரியும் அதில் இருந்தன. எல்லாவற்றையும் 'நான் அவதானித்தேன்' என்று எழுதினேன். ஓரிடத்தில் 'உள்ளூர் உதவியாளர் ஒருவர்' என்று போட்டு, அதையும் வெட்டினேன். புலமைப்பரிசில் கிடைத்தது. கடல் தாண்டிப் போகும் புகையைப் பற்றியே என் பட்டமும், பிறகு என் வேலையும் அமைந்தன. குளிர்நாட்டு மண்டபங்களில் என்னைக் கேள்வி கேட்டவர்கள், இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது என்று விசாரிப்பார்கள். ஒரு தீவில் வேலை செய்தபோது என்பேன். தபால் போகாத காலமும் இருந்தது, போன காலமும் இருந்தது. எந்தக் காலத்திலும் நான் கடிதம் எழுதவில்லை.

தொண்ணூற்றைந்தில், சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்களுக்குள், நோயாளியான அம்மாவைப் பார்க்கக் கிளாலிக் கடல் வழியாக ஊருக்குப் போனேன். ஐயர் குடும்பம் தீவை விட்டு வந்து மானிப்பாயில் ஒரு வாடகை அறையில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். இரண்டு நாள் தள்ளிப்போட்டு, மூன்றாம் நாள் சைக்கிளில் போனேன். தாய் காலமாகிவிட்டார். ஐயருக்குக் கண்பார்வை போயிருந்தது. மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியராக விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தார். முன்பு சுலபமாக வந்த 'நீர்' என்ற சொல் அவரைக் கண்டதும் என் வாயில் வரவில்லை.

"நீங்கள் எழுதினது சரி," என்றேன். "அது தூரத்துப் புகைதான்."

"அப்ப குசினிப் புகை இல்லை," என்றார்.

"இல்லை."

"இதை அப்பாட்டை ஒருக்காச் சொல்லுவீங்களோ சேர்? நான் சொன்னா, என்னை நியாயப்படுத்தச் சொல்லுறன் எண்டு நினைப்பார்."

ஐயர் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் இருந்து, அன்றைக்குப் பிழை விட்டது நான்தான், உங்கள் மகள் அல்ல என்று சொன்னேன். அவர் என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"அவள் பிழை விடமாட்டாள் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா நீங்கள் சொன்னியள், நான் நம்பிப்போட்டன். பிறகு அவள் எதைச் சொன்னாலும், 'வடிவாப் பாத்தனியோ' எண்டு கேக்கிற பழக்கம் எனக்கு வந்திட்டுது. எத்தினை வருசம்."

அந்த இடத்தில் மிச்சத்தையும் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மகளின் இரண்டு பக்கத்தில்தான் நான் இன்று வரை சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்ததாக இப்போது நினைத்துக்கொள்கிறேன். அதுவும் உண்மையோ தெரியாது. தேத்தண்ணி தந்தார்கள், குடித்தேன்.

அந்த வருடக் கடைசியில் சண்டை திரும்ப மூண்டு, மானிப்பாயை உள்ளடக்கிய வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன், தெரியவில்லை. பாதி உண்மையோடு நான் எழும்பி வந்த அந்தப் பகலே கடைசியாகிவிட்டது. அன்று வேலிப் படலை வரை கூட வந்த ஐயரின் மகள், நான் சைக்கிளை எடுக்கும்வரை பொறுத்து நின்றார்.

"இவ்வளவு தூரம் வந்து சொன்னதுக்கு நன்றி சேர்."

"பரவாயில்லை," என்றேன்.